பருப்பைத் தண்ணீருக்குக் கொண்டுபோனவன்

என் அக்கா புருஷனுக்கு வயிற்றில் புண் வந்ததால் எனக்குச் சமையல் வந்தது. வேலையாக வந்ததே தவிர, கைக்கு வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே லாரியில் டிரைவர்கள். மச்சான் முதல் டிரைவர், நான் செகண்ட் டிரைவர். கிளீனர் கிடையாது. எங்கள் ஓனர் பெரம்பலூர்க்காரர். டயர் மாற்றச் சொன்னாலே யாரோ தன் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி பார்ப்பார். அவரிடம் போய் கிளீனர் கேட்க முடியுமா? அந்த வேலையும் என் தலையில்தான். அரியலூரில் சிமெண்ட் ஏற்றுவோம். கொச்சி, மங்களூர், சோலாப்பூர் என்று எந்த ஊருக்குச் சீட்டு எழுதுகிறார்களோ அந்த ஊருக்குப் போவோம். வரும்போது கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவோம்.

மச்சான் பன்னிரண்டு வருஷமாக ஸ்டேரிங் பிடித்தவர். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவருக்கு முன்னால் மாட்டுவண்டி ஓட்டியவர்கூடக் கிடையாது, காரணம் மாடு கிடையாது. அடுத்தவர் வயலில் அடுத்தவர் மாட்டுக்குப் பின்னால் நடந்தவர்கள்தான் எல்லாரும். அதனால் அவர் லாரியை ஊருக்குள் திருப்பி ஹாரன் அடித்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அந்த ஹாரனை அவர் கொஞ்சம் அதிகமாகவே அடிப்பார். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

அந்த மனுஷருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. முதலில் சோடா குடித்துப் பார்த்தார். பிறகு மருந்துக்கடையில் கொடுக்கும் வெள்ளை மருந்து. பிறகு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்வார். கியர் போட அந்தக் கைதான் வேண்டும். "மாப்ள, மூணாவது போடு" என்பார், நான் பக்கத்தில் இருந்து போடுவேன். இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கியிருக்கிறோம். இதைத் தமாஷாக நினைத்து அக்காவிடம் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே புருஷனைப் பெரம்பலூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

"என்ன தொழில்?" என்றார் டாக்டர்.

"லாரிங்க சார்."

"சாப்பாடு எங்க?"

"வண்டி நிக்கிற எடத்துலங்க."

"எத்தனை மணிக்கு?"

"பசிக்கிறப்பங்க. சில நாளு பசி போனப்புறம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். குடலில் புண் என்றார். குழைந்த சோறு, நன்றாக வெந்த பருப்பு, மோர், எல்லாம் நேரத்துக்கு. மிளகாயைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. டீ கூடாது. ஓட்டல் கூடாது. எல்லாவற்றையும்விட, வயிறு காலியாக இருக்கவே கூடாது. மூன்று மாதம் பார்க்கலாம், அடங்கவில்லை என்றால் லாரியை விட்டுவிட வேண்டும் என்றார்.

"லாரிய விட்டுட்டு நான் என்னங்க சார் செய்வேன்?"

டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் படித்த படிப்பில் அது இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய் தம்பி, இனிமே நீதான் சமைக்கணும்."

"எனக்கு வெந்நி வைக்கத்தான்க்கா தெரியும்."

"அதுல அரிசியப் போடு. சோறாயிரும்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு மாசம். இவரு வயித்த நீ பாத்துக்கிட்டா இவரு வண்டி ஓட்டுவாரு. இல்லன்னா வூட்டோட ஒக்கார வேண்டியதுதான். ஒக்காந்தா இந்த மனுசன் இருப்பாரா?"

மச்சான் வாசல் பக்கம் போய்விட்டார். அவர் வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் இருந்து நாங்கள் பார்த்ததில்லை. இரண்டாம் நாளே வெளியே நிற்கும் லாரியில் போய் ஏறி, ஸ்டேரிங்கில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மச்சான் இறங்கினால் அந்த ஸ்டேரிங் எனக்குத்தான். லைசென்ஸ் இருந்தது, ஓனருக்கும் என்மேல் நம்பிக்கை இருந்தது. அவர் வயிற்றுக்குக் காவல் போட்ட ஆள், அவர் வயிறு கெட்டால் லாபம் அடைகிற ஆள். இப்படி ஒரு ஏற்பாட்டை எங்கள் அக்காவைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு மரப்பெட்டியில் பம்ப் ஸ்டவ், இரண்டு அலுமினியச் சட்டி, அரிசி, துவரம்பருப்பு, உப்பு, சீரகம், பெருங்காயம் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். பிறகு என் துணிப்பையைக் கொட்டிச் சோதனை போட்டாள். சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த காய்ந்த மிளகாய் மாட்டிக்கொண்டது. "இது எனக்குக்கா" என்றேன். "ஒனக்கும் வேணாம். வாசனை அவரை இழுத்துரும்" என்று பிடுங்கிக்கொண்டாள். டூல்பாக்ஸில் ஸ்பேனருக்கு நடுவே இன்னொரு பொட்டலம் இருந்தது அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் மூன்று மாதம் நான் கிரீஸ் வாசனையோடுதான் மிளகாய் தின்றேன்.

முதல் சமையல் பெரம்பலூர் தாண்டி ரோட்டோரத்துப் புளியமரத்தடியில். காற்று ஸ்டவ்வை அணைத்தது. பின் சக்கரத்தை மறைப்பாக வைத்துக்கொண்டேன், காற்று அடுத்த பக்கம் வழியாக வந்து அணைத்தது. தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினேன், புகையில் நானே அணைந்துவிடப் பார்த்தேன். கடைசியில் இறங்கிய சோற்றில் அடி தீய்ந்தது, நடு கூழ், மேலே அரிசி. மச்சான் பிசைந்து சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "உப்பு சரியா இருக்கு மாப்ள" என்றார்.

அன்றைக்கு நான் உப்பே போடவில்லை.

ஆனால் விஞ்ஞானம் என்று ஒன்று இருக்கிறதே. அந்தக் காலத்து லாரியில் இஞ்சினை மூடும் பானெட், கேபினுக்குள்ளேயே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும். இஞ்சின் ஓட ஓட அதன்மேல் கை வைக்க முடியாது. ஒருநாள் பருப்பை நீர் ஊற்றித் தூக்குச்சட்டியில் போட்டு, மூடியைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கி, அந்தப் பானெட்மேல் வைத்துக் கட்டினேன். நூறு மைல் தாண்டி நிறுத்தித் திறந்தால் பருப்பு பூவாகப் பிளந்திருந்தது. ஸ்டவ்வில் பத்து நிமிஷம் காட்டினால் போதும், கரைந்துவிடும். அந்த நாளிலிருந்து எங்கள் பருப்பை டீசல்தான் வேக வைத்தது. பசிக்கும் நேரம் பார்த்து வண்டியை நிறுத்தி, பதினைந்து நிமிஷத்தில் சோறு போட ஆரம்பித்தேன். ரொம்பப் பெருமைதான். சோலாப்பூர் ரோட்டில் ஒரு பஞ்சாபி டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் பாராட்டினார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் ஓடியது. மச்சான் கை வயிற்றை விட்டு இறங்கியது. கியரை அவரே போட்டார். "இன்னும் ஒரு மாசம்தான்டா தம்பி, எப்படியாச்சும் தள்ளிரு" என்றாள் அக்கா. நானும் சரி என்றேன்.

அப்போதுதான் அரியலூரில் மாட்டிக்கொண்டோம்.

ஆலைக்குக் கரண்ட் வெட்டு. அரைவை நின்றால் சிமெண்ட் இல்லை, சிமெண்ட் இல்லை என்றால் லோடு இல்லை. கேட்டுக்கு வெளியே நாற்பது ஐம்பது லாரி வரிசையில் நின்றது. ஒருநாள் இருநாள் நிற்பது வழக்கம்தான், அந்தத் தடவை ஐந்து நாள் ஆயிற்று. மரம், மாடு, மனுஷன் எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தூள். இடத்தை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

லாரி நின்றதும் என் விஞ்ஞானமும் நின்றுவிட்டது. இஞ்சின் ஓடவில்லை, பானெட் பிணம் மாதிரி குளிர்ந்து கிடந்தது. சமையலுக்காக இஞ்சினைப் போட்டால் ஓனர் குச்சி விட்டு டீசல் அளந்து பார்த்துவிடுவார். சரி, ஸ்டவ் இருக்கிறதே என்று பருப்பை ஏற்றினேன். ஒரு மணி நேரம் கொதித்தது. இரண்டு மணி நேரம் கொதித்தது. எடுத்து நசுக்கினால் கூழாங்கல்.

"அது வேவாது தம்பி" என்றார் டீக்கடைக்காரர். ஆண்டிமடத்துக்காரர் அவர், ஆலை கேட்டுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். "இந்த ஊரு தரையெல்லாம் சுண்ணாம்புக் கல்லு. தண்ணியும் அதுதான். பாக்கத்தான் பளிங்கு. பருப்பப் போட்டா அது இன்னும் வைரமாவும்."

"அப்ப நீங்கள்லாம் எப்படிங்கண்ணே சாம்பார் வைக்கிறீங்க?"

"ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடு."

போட்டேன். அவர் சொன்ன சிட்டிகை அவர் விரலுக்கு. என் விரல் ஸ்பேனர் பிடித்த விரல். பருப்பு வெந்தது, கூடவே சோப்புத் தண்ணீராக நுரைத்துப் பொங்கியது. மச்சான் ஒரு வாய் வைத்தார். பிறகு சாயங்காலம் வரைக்கும் ஏப்பம் விட்டார். வரிசையில் சுற்றிக்கொண்டிருந்த நாய்க்கு மீதியை வைத்தேன். அது முகர்ந்து பார்த்து, என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டு, மூன்று லாரி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

கஞ்சி மட்டும் வைத்துக் கொடுத்தேன். குடித்த ஒரு மணி நேரத்தில் மறுபடி வயிறு காலியாகி எரியும். கேட்டுப் பக்கம் மோர் விற்கிற அம்மா இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் மச்சான் கை மறுபடி வயிற்றுக்குப் போனது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டு, சட்டையைச் சரிசெய்கிற மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

எங்களுக்குப் பின்னால் நின்ற லாரி நாமக்கல் பக்கத்தது. அதன் டிரைவர் நாற்பது வயசுக்காரர், வாய் சும்மா இருக்காது. நான் கல்பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஏனுங் தம்பி, இவுரு எறங்கிட்டா வண்டி ஆருக்கு?"

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, சமையலப் பாத்தேன். சீக்கிரம் எறக்கிருவீங்க போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். படுத்திருந்த மச்சானும் சிரித்தார். "எம் மாப்ள வெசம் வச்சாலும் அளவு தெரியாம வச்சிருவான். நான் பொழச்சுக்குவேன்" என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து, லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். என் ஜோக்கை யாரோ திருடி என்மேலேயே விட்ட மாதிரி இருந்தது. நான் அப்படி நினைக்கவில்லை என்று யாரிடம் சொல்வது? சொன்னால் நினைத்த மாதிரி ஆகிவிடும். நினைக்கவே இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியை அதிக நேரம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் டீக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். ஆறு மைலில் ஒரு ஏரி. மழைத் தண்ணீர். அதில் பருப்பு போட்டால் கரண்டி வேண்டாம், பார்த்தாலே கரையும்.

வாடகை சைக்கிள் எடுத்தேன். இரண்டு டின்னைக் கட்டும்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். இரண்டு டின் தண்ணீரை ஆறு மைல் இழுத்து வருவதற்குப் பதிலாக, ஒரு படி பருப்பை அங்கே கொண்டுபோனால் என்ன? எது கனம்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற கணக்கு. டின்னை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஸ்டவ், சட்டி, அரிசி, பருப்பு, உப்பு எல்லாவற்றையும் கேரியரில் கட்டினேன். நாமக்கல்காரர் பார்த்துவிட்டு, "குடித்தனம் போறீங்களா தம்பி?" என்றார்.

"சீக்கிரம் வந்துரு மாப்ள" என்றார் மச்சான்.

"பதினோரு மணிக்குச் சோத்தோட வரேன் மச்சான். பாருங்க, இன்னிக்குத்தான் நீங்க பருப்பு சாப்பிடப் போறீங்க."

பெட்டியில் அவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசிகூட நான் விட்டுவைக்கவில்லை.

ஏரிக்கரையில் வேப்பமர நிழலில் கடை விரித்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏப்பா, வூட்டுல அடுப்பு இல்லியா?" என்றார்.

"அடுப்பு இருக்குங்கம்மா. தண்ணிதான் இல்ல."

"ஏரிய வூட்டுக்குக் கொண்டுபோக முடியாதுன்னு வூட்ட இங்க கொண்டாந்துட்டியாக்கும்" என்று அவர் துணியை ஓங்கி அடித்தார். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்த என் மடத்தனம் எனக்குப் புரிய அன்று மத்தியானம் ஆனது.

பருப்பு வெந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அரை மணியில் வெண்ணெயாகிவிட்டது. மஞ்சளாகக் குமிழி விட்டு, வாசனை கரையெல்லாம் போனது. சோறும் குழைந்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக நான் மனுஷன் மாதிரி உணர்ந்தேன். மூடி போடாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்குக்கூட ஒரு கரண்டி கொடுத்து, நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லும்வரை காத்திருந்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியாது. கையில் கடிகாரம் இல்லை.

திரும்பும்போதுதான் சிக்கல். ஏறி மிதித்தால் மேடுபள்ளத்தில் பருப்பு தளும்பிக் கொட்டும். பத்தடி மிதித்துப் பார்த்தேன், துண்டெல்லாம் மஞ்சள். இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை சட்டியில். ஆறு மைல். வெயில் ஏறிக்கொண்டே போனது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் "பஞ்சரா?" என்று கேட்டார்கள். "இல்லிங்க, பருப்பு" என்று எத்தனை பேருக்குச் சொல்வது? பஞ்சர் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆலை கேட்டுக்கு வந்தபோது ரோடு காலியாக இருந்தது. கரண்ட் வந்துவிட்டது. ஐந்து நாள் அசையாத வரிசை அரை நாளில் உள்ளே போய்விட்டது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை உதறினார். "எங்கய்யா போனே? ஒம் மச்சான் ஒனக்காக எத்தனை தரம் வந்து எட்டிப் பாத்தாரு! வெறும் வயித்தோட மூணு டீ குடிச்சாரு. நான் வேணாம்னேன். வேற என்ன இருக்குன்னாரு."

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"என்னது அது?"

"சோறுங்க. மச்சான் உள்ள இருக்காரு."

"அது?"

"ஸ்டவ்வுங்க."

"மண்ணெண்ணெய்யோட உள்ள விட முடியாது."

"அப்ப இதை இங்கியே வச்சிட்டுப் போறேங்க."

"இங்க வைக்கக் கூடாது. காணாமப் போனா என்னையக் கேப்பே."

"கேக்க மாட்டேங்க."

"இப்ப சொல்லுவே. அப்புறம் கேப்பே."

சைக்கிளையும் ஸ்டவ்வையும் அப்படியே கீழே தள்ளிவிட்டுச் சட்டியோடு ஓடினேன். அவர் பின்னாலிருந்து கத்தினார். அப்போது நிறையக் கொட்டியது.

எங்கள் லாரி லோடு ஏற்றும் மேடையை ஒட்டி நின்றது. பாதி மூட்டை ஏறியிருந்தது. முன்னால் ஒரு லாரி, பின்னால் நாமக்கல் லாரி. மச்சான் முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டியை உள்ளே எடுத்ததும், மேலே ஏறித் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி இழுத்துப் போட்டதும் எல்லாம் அவர் ஒருவரேதான். என்னுடைய வேலை அது. முகம் முழுக்கச் சிமெண்ட் அப்பியிருந்ததால் அவர் நிறம் எனக்குத் தெரியவில்லை.

"வந்துட்டியா? வெந்துச்சா?"

"வெண்ணெய் மாதிரி மச்சான். சாப்பிடுங்க."

சட்டியிலேயே கை வைத்து ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொரு வாய். "நல்லா வெந்திருக்குடா" என்றார். அந்தப் பாராட்டு முழுசாக என் காதில் இறங்குவதற்குள் அவர் ஒரு பக்கம் சாய்ந்து வாந்தி எடுத்தார். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. அது ரத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. நாமக்கல்காரருக்குத் தெரிந்திருந்தது.

மூட்டை தூக்குகிறவர்கள் நிற்கவில்லை. அவர்களுக்கு மூட்டைக்குத்தான் கூலி. தலைக்குப் பின் தலையாக எங்களைத் தாண்டிப் பலகையில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மட்டும், "கொஞ்சம் தள்ளிப் படுக்க வைங்க, கால் இடறும்" என்றார். நான் கேபினில் தாவி ஏறிச் சாவியைத் திருகினேன். எங்கே எடுப்பது? முன்னால் போக இடமில்லை, பின்னால் போக இடமில்லை, மேலே பாதி லோடு. என் ஆயுசிலேயே அன்றைக்கு ஒருநாள்தான், ஓடுகிற இஞ்சினில் உட்கார்ந்துகொண்டு ஒரு அடி நகர முடியாமல் ஸ்டேரிங்கை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்காரர் தன் கேபினுக்கு ஓடினார். ஐந்து நாள் காத்து, அடுத்த லோடு அவருக்கு. தன் வண்டியைப் பின்னால் எடுத்து வரிசையை விட்டு வெளியே திருப்பினார். இரண்டு பேர் மச்சானைத் தூக்கி அதில் ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன்.

"வண்டிய வுட்டுட்டு வராத" என்றார் மச்சான். குரல் அத்தனை சின்னதாக இருந்தது. "லோடு முடிச்சு வா."

லோடு முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் மூட்டை எண்ண வேண்டும். எண்ணினேன். எண் ஞாபகம் இல்லை. தார்ப்பாயைக் கட்டினேன், கயிறு இழுத்தேன், கையெழுத்துப் போட்டேன்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் மச்சான் கையில் ஊசி குத்திப் பாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். "கடைசியா என்ன சாப்பிட்டாரு?" என்று டாக்டர் கேட்டார். "பருப்புச் சோறுங்க" என்றேன். இவ்வளவு நல்ல பதிலை நான் அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, இவ்வளவு பிரயோஜனமில்லாத பதிலையும் சொன்னதில்லை.

தகவல் போய், சாயங்காலம் பஸ்ஸில் அக்கா வந்துவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். வராண்டாவுக்கு வந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நான் தயாராக நின்றேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"பருப்பு வெந்துச்சாடா?"

"வெந்துச்சுக்கா."

"அப்பறம் ஏன்டா?"

பதினோரு மணிக்கு வர வேண்டியவன் இரண்டரைக்கு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து என் சமையலை நானே ரசித்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் பக்கத்தில் நின்றாள்.

திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். வயிற்றில் பாதியை எடுத்துவிட்டார்கள் என்று அவரே பின்னால் சொல்வார். லாரி கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஓனர் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்: 'வேணாங்க. வேற ஆளப் போடுங்க. நான் செகண்டாவே இருந்துக்கறேன்.' மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மூன்றும் நன்றாகவே இருந்தது. ஓனர் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். "நாளைக்கு மங்களூர் லோடு" என்றார். என் கை போய் வாங்கிக்கொண்டது. வாய் திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று ஞாபகம் வந்தது. திரும்பி உள்ளே போகலாம்தான். போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆலை கேட்டுக்கு வெளியே நாமக்கல்காரரைப் பார்த்தேன். அன்றைக்கு இழந்த இடத்துக்காக மேலும் இரண்டு நாள் காத்தாராம். "உங்க மச்சான் எப்படிங்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அண்ணாந்து நான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். "நல்லாருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கேலியே செய்திருக்கலாம்.

மச்சான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பெரம்பலூரில் மெட்ராஸ் ரோட்டோரம் வந்து நிற்க ஆரம்பித்தார். நான் எந்த நாள், எந்த நேரம் வருவேன் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் தடவை நிறுத்தினேன். சுற்றி வந்து டயரையெல்லாம் தட்டிப் பார்த்தார். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து மெதுவாக ஏறி உட்கார்ந்தார். நான் ஓட்டும்போதுகூட அவர் பின்னால் படுத்துத் தூங்குவாரே தவிர, அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நகந்துக்கறேன் மச்சான். கொஞ்ச தூரம் நீங்க ஓட்டுங்க."

"ஒங்கக்காளுக்கு யாரு பதில் சொல்றது? எடு. ரஞ்சன்குடி வரைக்கும் வரேன்."

எடுத்தேன். ரஞ்சன்குடி பத்துப் பன்னிரண்டு மைல். நான் எதையோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் அவர் வலது காலும் தகரத்தில் எதையோ தேடி அழுந்த மிதித்தது. வளைவு ஒவ்வொன்றிலும், எதிரே பஸ் வந்தபோதெல்லாம், அந்தக் கால் எனக்கு முன்னாலேயே மிதித்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ரஞ்சன்குடிக் கோட்டை தெரிந்ததும், "இங்க நிறுத்து" என்றார். இறங்கிக் கதவை இரண்டு தரம் இழுத்துச் சாத்தினார். "பாத்துப் போ மாப்ள" என்றார். ரோட்டைக் கடந்து, பெரம்பலூர் பஸ்ஸுக்காக அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அப்புறம் ஒவ்வொரு டிரிப்பிலும் வந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. கதவைத் திறந்து வைத்திருப்பேன்.